ஏழாம் சாவடியின் கரும்பலகை

ரெஸ்தித்தூதா மலாபனான் மனிலாவுக்குத் தெற்கே பினாயான் ஊர்ச் சந்தையில் காப்பிக்கொட்டை வறுத்து விற்றவள். ஊர் அவளைத் தித்தாய் என்று கூப்பிட்டது. அவள் வாணலி சூடேறி அந்தக் கசந்த புகை தால் ஏரிப் பக்கம் போனால்தான் மீன்காரர்கள் படகைக் கரைக்குத் திருப்புவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. காப்பி விற்றது வயிற்றுப்பாட்டுக்கு. நீ யார் என்று கேட்டால் அவள் சொல்லும் பதில் வேறு. "நாசியோனலிஸ்தா" என்பாள். பெயரை அதற்குப் பிறகுதான் சொல்வாள்.

கட்சி அவளுக்கு அப்பா வழிச் சொத்து. 1907இல் அமெரிக்கர்கள் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தல் நடத்தியபோது, ஸ்பானிய மொழி எழுதப் படிக்கத் தெரிந்த காரணத்தால் ஓட்டுரிமை கிடைத்த சொற்பப் பேரில் அவள் அப்பா இனோசென்சியோவும் ஒருவர். விடுதலை மெல்ல வரட்டும் என்றது ஒரு கட்சி. இப்போதே வேண்டும், முழுசாக வேண்டும் என்றது புதிதாகப் பிறந்த நாசியோனலிஸ்தா. அப்பா குதிரையேறிப் போய் இரண்டாவதுக்குப் போட்டுவிட்டு வந்தார். வந்த அன்று எடுத்துவைத்த தொப்பியை அதற்குப் பின் ஒவ்வொரு தேர்தலுக்கும் மட்டுமே போட்டார்.

எதிரிக் கட்சி தேய்ந்துபோன பிறகு நாசியோனலிஸ்தாக்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். அமெரிக்கா நீட்டிய விடுதலைச் சட்டத்தை வாங்கிக்கொள்ளலாமா, திருப்பி எறியலாமா என்று முப்பதுகளில் கட்சி நடுவாகப் பிளந்து, ஒரு வருஷம் போல அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் நாசியோனலிஸ்தாக்கள்தான். பெண்களுக்கு ஓட்டு வேண்டுமானால் மூன்று லட்சம் பெண்கள் வந்து 'வேண்டும்' என்று போட வேண்டும் என்று அரசியல் சட்டம் வைத்த நிபந்தனைப்படி 1937இல் வாக்கெடுப்பு நடந்தபோது தித்தாய்க்கு இருபத்து மூன்று வயது. "காப்பி வறுக்கிற கைக்கு ஓட்டு வேற கேக்குதா?" என்று அப்பா சிரித்தார். "குதிரை மேய்ச்ச கைக்கே குடுத்தாங்களே அப்பா" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தே போய் வரிசையில் நின்றாள். மூன்று லட்சம் கேட்ட இடத்தில் நாலு லட்சத்துக்கு மேல் விழுந்தது. சாகும்வரை அந்தக் கூட்டல் கணக்கில் ஒன்று தான் என்கிற மிதப்பு அவளுக்குப் போகவில்லை.

போர் முடிந்த அடுத்த ஜனவரியில் அவளுடைய மகளுக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தியவள் சந்தையில் எதிர்க்கடையில் மீன் விற்கும் பசென்சியா. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் அழைக்க வேண்டும். பெற்றவளும் ஞானத்தாயும் அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள். அது ரத்த உறவைவிட ஒரு பிடி அதிகம். அதே மாதம் மனிலாவில் நாசியோனலிஸ்தா கட்சியின் லிபரல் அணி பிரிந்து தனிக் கட்சியானது. பசென்சியாவின் குடும்பம் அந்தப் பக்கம் போனது. சந்தையின் நடுப்பாதை அப்படியே எல்லைக்கோடு ஆயிற்று.

"ஏ மாரே, குழந்தைய ஏந்துனப்ப நாசியோனலிஸ்தாவா இருந்தியே. குழந்தைக்குப் பல்லு முளைக்கிறதுக்குள்ள என்ன ஆச்சு?"

"நானா மாறுனேன்? நான் நின்ன எடத்துலயேதான் நிக்கிறேன். கட்சி ரெண்டா ஒடைஞ்சப்ப என் காலுக்குக் கீழ இருந்தது லிபரல் பக்கமாப் போச்சு."

"அப்ப தாண்டி வா."

"எங்க வர்றது? உன் கட்சியில பாதி எடத்த உங்கப்பன் தொப்பியே அடைச்சுக்கிட்டு இருக்கு."

இப்படிப் பதிமூன்று வருஷம். தேர்தல் இல்லாத நாளில் ஒருத்தி காப்பியை மற்றவள் குடித்தாள், ஒருத்தி மீனை மற்றவள் பொரித்தாள். தேர்தல் நாளில், பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்த ஏழாம் வாக்குச்சாவடியில் ஒரே மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள், கட்சிக்கு ஒரு தேர்தல் இன்ஸ்பெக்டர் என்ற கணக்கில். நடுவில் தலைவராகப் பள்ளிக்கூட ஆசிரியை மிஸ் அபெலார்தா. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்தச் சாவடியின் முடிவு முடிவு.

எண்ணுகிற முறை எளிது. ஆசிரியை சீட்டைப் பிரித்துப் படிப்பார். ஒரு கட்சிக்காரி அவர் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டில் இருப்பதைத்தான் படிக்கிறாரா என்று பார்ப்பாள். இன்னொரு கட்சிக்காரி கரும்பலகையில் கோடு போடுவாள். நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது அவற்றின் மேல் குறுக்காக. குறுக்குக் கோடு விழும்போது எழுதுகிறவள் "தாரா!" என்று கத்த வேண்டும். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்கும் ஊர்சனம் ஆரவாரம் செய்யும். கடைசியில் பலகையைப் பார்த்து ஆசிரியை படிவத்தில் ஏற்றுவார்.

1959 நவம்பரில் மேயர் தேர்தல். நாசியோனலிஸ்தா வேட்பாளர் அனக்லெத்தோ மரசிகான். தித்தாயின் கல்யாணத்தில் ஞானத்தந்தையாக நின்றவர், அவள் அழைப்பது 'நீனோங்' என்று. ஜப்பானியர் காலத்தில் அவள் வீட்டுக்கு இரண்டு சாக்கு நெல் அனுப்பியவர். எதிரே லிபரல் வேட்பாளர் டாக்டர் லியோன்சியோ ஹோர்னில்யா. ஊரில் பாதிப் பேரைப் பிரசவத்தில் கையில் வாங்கியவர். இருவருக்கும் சமபலம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று சுண்ணாம்புக்கட்டி தித்தாயின் முறை. பசென்சியா ஆசிரியையின் பின்னால். ஜன்னல்கள் முழுக்க நாசியோனலிஸ்தாப் பெண்கள், சட்டியும் அகப்பையுமாக. மரசிகான் பெயர் வந்தபோதெல்லாம் ஒரு தட்டு. தட்டு வேகமாக வேகமாக அவள் கையும் வேகமானது. "தாரா!" என்று கத்துவதில் இருந்த ருசி அவளுக்குத்தான் தெரியும். அப்பா உயிரோடிருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள். முடிவில் மரசிகான் 118, ஹோர்னில்யா 97. மேயர் இடத்தைக் காலியாக விட்ட சீட்டுகளும் நிறைய இருந்ததால் மொத்தத்தோடு ஒத்துப்பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மூவரும் கையெழுத்திட்டார்கள். பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

மறுநாள் மதியம் ஊர்க்கணக்கு வந்தது. எல்லாச் சாவடியும் சேர்த்து மரசிகான் 1412. ஹோர்னில்யா 1411.

ஒரே ஒரு ஓட்டு! ஊர்நடுத் திடலான பிளாசாவில் வாத்தியக் குழு முழங்கியது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத பெண்களிடமிருந்து தித்தாய் ஒருவழியாக விடுபட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எண்ணுகிறவர்களுக்குக் காப்பி கொண்டுபோன கெட்டில் அங்கேயே கிடந்தது. பள்ளிக்கு விடுமுறை, வகுப்பறை காலி. பலகையை யாரும் அழிக்கவில்லை.

கெட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். தன் கையெழுத்தை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று ஆசை. மரசிகான் பெயருக்கு எதிரே வேலி வேலியாகக் கோடுகள் நின்றன. மூன்றாவது வரிசையில் அவள் கண் தடுக்கியது. எல்லா வேலிக்கும் நாலு கம்பம். ஒன்றுக்கு மட்டும் மூன்று. மூன்றின் மேலேயே குறுக்குக் கோடு.

விரலை நீட்டி எண்ணினாள். வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்ப வந்து எண்ணினாள். மூன்றுதான். ஜன்னலில் சட்டி தட்டிய வேகத்தில் அவள் அவசரப்பட்டு "தாரா" கத்தியிருக்கிறாள். ஐந்தாகக் கணக்கில் ஏறியது நாலு. நீனோங்குக்கு 118 இல்லை, 117. ஊரில் 1412 இல்லை, 1411. வெற்றி இல்லை, சமம்.

ஆணியில் பலகை துடைக்கும் துணி தொங்கியது. பெட்டி முத்திரையோடு இருக்கிறது, நீதிமன்றம் சொல்லாமல் யாரும் திறக்க முடியாது. டாக்டர் தோல்வியை ஒப்புக்கொண்டாயிற்று. இந்தப் பலகை மட்டுந்தான் மிச்சம். சொன்னால் கட்சி கையில் பிடித்த வெற்றியைத் தானே தட்டிவிட்டவள் ஆவாள். அப்பாவின் மகள், நீனோங்கின் ஞானமகள் என்று ஊர் தூக்கிவைத்த பேர் ஒரே நாளில் போகும். சொல்லாவிட்டால் அவள் போட்ட கையெழுத்து பொய்.

அவள் வகுப்பறைக் கதவை வெளியே இழுத்துச் சாத்தினாள். படியில் நின்று, பள்ளியின் பின்பக்கம் இருந்த சந்தையைப் பார்த்துக் கத்தினாள்.

"சென்சியா! மாரே! மீனப் போட்டுட்டு இங்க வா!"

"தோத்தவள இன்னும் கொஞ்சம் வெறுப்பேத்தணுமா? நாளைக்கு வர்றேன் போ!"

"இப்பவே வா, சொல்றேன்ல!"

பசென்சியா கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். தித்தாய் கதவைத் திறந்து பலகையைக் காட்டினாள். பசென்சியா வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாவது வரிசையில் நின்றாள். மீன் செதில் ஒட்டிய விரல் பலகையில் படாமல் காற்றில் எண்ணியது.

"அலா எ!" என்று அந்த ஊர்க்காரர்களின் வியப்புச் சொல் அவள் வாயில் வந்தது. "இது மூணு."

"மூணுதான்."

"நேத்து இதே ரூமுலதானே நானும் நின்னேன். எனக்கு எப்படிடீ தெரியாம போச்சு?"

"நின்னுக்கிட்டே தூங்கியிருப்ப."

"உன் காப்பியக் குடிச்சிட்டு எவ தூங்குவா? நான் சீட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ இருக்கியேன்னு பலகையப் பாக்கல." அந்தக் கடைசி வாக்கியம் வெளியே வந்த பிறகுதான் அதன் கனம் இருவருக்கும் தெரிந்தது. பசென்சியா ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்தாள். "அது அங்கேயேதானே தொங்குது. எதுக்கு என்னக் கூப்பிட்ட?"

"தினம் எதிர்க்கடையில உன் மூஞ்சியப் பாக்கணுமே."

"நான் உன் எடத்துல இருந்திருந்தா..." பசென்சியா நிறுத்திக்கொண்டாள். "தெரியல மாரே. நெசமாவே தெரியல."

பசென்சியாவைப் பலகைக்குக் காவல் வைத்துவிட்டு, மிஸ் அபெலார்தாவுக்கும் சொல்லச் சொல்லிவிட்டு, தித்தாய் மரசிகான் வீட்டுக்கு நடந்தாள். முற்றத்தில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். கால்டெரெத்தாக் கறிக்குழம்புக்குப் பெரிய வாணலி அடுப்பில் ஏறியிருந்தது. அனக்லெத்தோ மாடிப்படியில் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

"நீனோங், அந்த ஆட்ட இன்னும் அறுக்கலைன்னா நிறுத்தி வைங்க."

"ஏம்மா, உனக்கு மாட்டுக்கறியா வேணும்?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. மூன்று கம்பம், ஒரு குறுக்குக் கோடு, தப்பு தன்னுடையது. சிரிப்பு ஒவ்வொருவர் வாயாக அணைந்தது. பிரசாரத்தை நடத்திய ஆள், தடித்த மனிதர், முன்னால் வந்தார்.

"ஒரு தொட தொடச்சிருந்தா முடிஞ்சிருக்குமே. யாரு பாத்தா?"

"சென்சியா பாத்தா."

"அவள யாரு கூப்பிட்டா?"

"நான்தான். இங்க மொதல்ல வந்திருந்தா நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். நீனோங் சொல்லிட்டா நான் கேட்டுருவேன்னும் தெரியும். அதான் மொதல்ல அவளுக்குக் காட்டிட்டு வந்தேன்."

அனக்லெத்தோ குலுக்கிக்கொண்டிருந்த கையை விட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தாங்கியிருப்பாள். "வீட்டுக்குப் போ, தித்தாய்" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டுப் படியை மிதித்தவர் யாரையும் "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் அனுப்பிய வழக்கமில்லை. அன்று யாரும் கேட்கவில்லை.

சாவடி மேசைக்காரர்கள் மூன்று பேரும் கையெழுத்திட்ட மனுவின் பேரில் நீதிபதி பெட்டியைத் திறக்கச் சொன்னார். 117. ஊரில் இருவரும் சமம். சமமானால் குலுக்கல் என்பது சட்டம். மாகாணத் தலைநகரில், எல்லார் முன்னிலையிலும், மடித்த இரண்டு காகிதம் ஒரு தொப்பிக்குள் போடப்பட்டது. வந்தது டாக்டரின் காகிதம்.

மறுநாள் காலை தித்தாய் கதவைத் திறந்தபோது வேலி நெடுக மஞ்சள் மஞ்சளாக ஏதோ தொங்கியது. பலிம்பிங் பழம். ஐந்து விளிம்பு உள்ளது, எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்னொரு முகம் காட்டுவது. கட்சி தாவுகிறவனுக்கு அந்தப் பழத்தின் பெயர்தான். ஒவ்வொன்றையும் நார் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் கணவன் கோரியோ வெளியே வந்து தலையைச் சொறிந்தான்.

"அம்மாடி, நாப்பது இருக்கும். எவன் மரத்தையோ மொட்டையடிச்சிருக்கானுங்க."

"கழட்டு."

"கொட்டிரவா?"

"பழுத்ததக் கொட்டுவாங்களா? கூடையில போடு."

அன்று சந்தையில் அவள் கடையில் ஒரு தட்டு நிறைய நறுக்கிய பலிம்பிங், பக்கத்தில் உப்பு. காப்பி வாங்கினால் ஒரு துண்டு இலவசம். வாங்கத்தான் ஆளில்லை. முப்பது வருஷ வாடிக்கைக்காரர்கள் வேறு பாதையில் சுற்றிப் போனார்கள். முதல் துண்டை எடுத்தவள் பசென்சியா. கடித்து, முகத்தைச் சுளித்து, சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "உன் கட்சிக்காரனுக்குப் பழம்கூடப் பாத்துப் பறிக்கத் தெரியல மாரே. ஒரே புளிப்பு!"

ஒரு வாரம் கழித்து டாக்டர் ஹோர்னில்யாவே வந்தார், மேயராக. காப்பி குடித்தார். தன் கட்சியின் மகளிர் அணித் தலைமையை அவள் ஏற்க வேண்டும் என்று கேட்டார், மரியாதையாகத்தான்.

"டாக்டர், என் மூணு புள்ளைங்களயும் நீங்கதான் கையில வாங்குனீங்க. உங்க மேல எனக்கு மதிப்பு உண்டு. ஆனா நான் இப்ப உங்க பக்கம் வந்தா வேலியில தொங்குன நாப்பது பழமும் நெசமாயிடும்."

"உங்க கட்சி உங்கள வேண்டாம்னு சொல்லிடுச்சே."

"அவங்க சொன்னா ஆச்சா? நான் சொல்லலையே."

1961 தேர்தலில் ஏழாம் சாவடிக்குக் கட்சி வேறு ஒருத்தியை இன்ஸ்பெக்டராகப் போட்டது. தித்தாய் மற்றவர்களோடு வெயிலில் வரிசையில் நின்று, நாசியோனலிஸ்தா வேட்பாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். கூட்டத்தில் இரண்டு பேர் அவளைப் பார்த்துப் பழம் திருப்புவது போல் கையைத் திருப்பினார்கள். மனிலாவில் பெரிய மனிதர்கள் காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் வீட்டு வேலியில் யாரும் எதையும் தொங்கவிட்டதாகத் தகவல் இல்லை.

1963இல் அனக்லெத்தோ மறுபடி மேயருக்கு நின்றார். செப்டம்பரில் ஒருநாள் அவர் சந்தைக்குள் நடந்து வந்தார், தனியாக. தித்தாய் பெஞ்சைத் துடைத்தாள். அவர் உட்காரவில்லை.

"ஏழாம் சாவடிக்கு உன்னப் போடறேன்."

"ஏன் நீனோங், வேற ஆள் கெடைக்கலையா?"

"கெடைக்கிறாங்க. ஆனா நான் ஜெயிச்சா, அது நீ எழுதுன ஜெயிப்பா இருக்கட்டும். எந்த லிபரலும் நீதிமன்றப் படியேற மாட்டான்." வாணலியைப் பார்த்து, "நாலு வருஷமா உன் காப்பி இல்லாம தலைவலி வேற" என்றார்.

அவள் கொட்டையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "வர்றேன். ஆனா பழத்த வெளிச்சத்துல தொங்கவிட்டாங்க. நீங்க காதுக்குள்ள சொல்லிட்டுப் போனா எப்படி? கடைசிக் கூட்டத்துல, பிளாசாவுல, ஒலிபெருக்கியில சொல்லுங்க. நான் யாருன்னு."

அவர் முகம் சிவந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

தேர்தலுக்கு முந்தைய பெருங்கூட்டத்தில் பிளாசா நிறைந்திருந்தது. நாசியோனலிஸ்தா மேடைதான், ஆனால் வேடிக்கை பார்க்க லிபரல்களும் வராமல் இருப்பார்களா? அனக்லெத்தோ சாலை, பாலம், கிணறு எல்லாம் பேசி முடித்தார். முடித்தவர் ஒலிவாங்கியை விடவில்லை.

"போன தடவை என் நாற்காலியப் புடுங்குனது லிபரல் கட்சின்னு நெனைக்கிறீங்களா? அவங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது!" சிரிப்பு. "புடுங்குனது எங்க கட்சிக்காரி. ரெஸ்தித்தூதா மலாபனான். அவ மேல எனக்கு ரெண்டு வருஷம் கோவம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் வெக்கம். என் வெற்றி தப்புன்னு என் வீட்டு முற்றத்துல நின்னு சொன்னா. சொல்லிட்டும் கட்சிய விட்டுப் போகல. அவ வேலியில பழம் கட்டுனவங்க இங்கதான் இருக்கீங்க. அவள மாதிரி ஒரு நாசியோனலிஸ்தா ஆயிட்டு அப்புறம் கட்டுங்க. டாக்டர் ஹோர்னில்யாவக் கேக்கறேன்: உங்ககிட்ட இப்படி ஒருத்தி இருக்காளா?"

"இருக்கா!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. பசென்சியா ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். "ஏன், நான் இல்லையா?"

பிளாசாவே குலுங்கியது. தித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள், முகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று.

அந்தத் தேர்தலிலும் சுண்ணாம்புக்கட்டி அவள் கையில். ஜன்னலில் இரண்டு கட்சிக்காரர்களும், சட்டியும் அகப்பையும். மிஸ் அபெலார்தா படிக்க, அவள் கோடு போட்டாள். நாலாவது கோடு முடிந்ததும் நின்றாள். கையை உயர்த்திக்கொண்டு, கம்பங்களைத் தொட்டுத் தொட்டு வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." அதன் பிறகே அடுத்த ஓட்டுக்குக் குறுக்குக் கோடு. நாலாவது தாராவுக்கு ஜன்னலில் யாரோ கேலியாகக் கூடவே எண்ணினார்கள். பத்தாவதுக்கு ஒரு ஜன்னல் முழுக்க. அதற்குப் பின் அனக்லெத்தோ பெயரானாலும் டாக்டர் பெயரானாலும் இரண்டு பக்கத்து ஜன்னலும் சேர்ந்து, "ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!" என்றன. அந்தப் பெயருக்கு அடுத்த ஓட்டு. குறுக்கே கோடு. "தாரா!"

அனக்லெத்தோ அறுபத்து மூன்று ஓட்டில் ஜெயித்தார். யாரும் வழக்குப் போடவில்லை. பசென்சியா கடைசிப் படிவத்தைப் பலகையோடு ஒத்துப் பார்த்து, தன் பெயரை எழுதி, பேனாவை மேசையின் மறுமுனைக்கு உருட்டிவிட்டாள்.

"போடு மாரே. தோத்தவ நானே போட்டாச்சு."

தித்தாய், மலாபனான் என்ற கணவன் பெயரோடு அப்பாவின் குடும்பப் பெயரையும் சேர்த்து முழுசாகக் கையெழுத்திட்டாள். பக்கத்தில் கட்சிக்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் 'நாசியோனலிஸ்தா' என்று எழுதினாள். எழுத்துக்கள் பெரிதாக விழுந்து, கட்டத்துக்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டிப் போயின.